ஜேம்ஸ் வாட்: நீராவி எஞ்சினும் கடிதப் பிரதி இயந்திரமும்



க.பொ.த. (சாதாரண தரம்) பரீட்சைக்குத் தயாராகும் காலத்தில் நீங்கள் தேசிய அடையாள அட்டைக்கும் விண்ணப்பிக்கிறீர்கள். அதற்குப் பிறப்பத்தாட்சிப் பத்திரம் வேண்டும். அதன் பிரதி ஒன்றை எடுத்து வைத்துக்கொள்வதற்காகப் பதுளையிலோ பண்டாரவளையிலோ பசறையிலோ உள்ள போட்டோக் கொப்பிக் கடைக்குச் செல்கிறீர்கள். சில விநாடிகளில் பிரதி உங்கள் கைக்கு வந்துவிடுகிறது.

இந்த வசதி இல்லாத காலத்தில் ஒரு கடிதத்தின் பிரதியை எவ்வாறு எடுத்தார்கள்? ஒருவர் எழுதியதை இன்னொருவர் முதலிலிருந்து கடைசி வரை மீண்டும் கையால் எழுதினார். அதற்கெனவே கந்தோர்களில் எழுதுவினைஞர்கள் இருந்தார்கள். இந்த வேலையை முதன்முதலில் வெற்றிகரமாக ஓர் இயந்திரத்திடம் ஒப்படைத்தவர் யார் தெரியுமா? கைத்தொழிற் புரட்சி பற்றிய பாடத்தில் நீங்கள் படித்த ஜேம்ஸ் வாட்தான். நீராவி எஞ்சினால் அவருக்குக் கிடைத்த பெரும் புகழ், அவருடைய இந்தச் சிறிய இயந்திரத்தை மறைத்துவிட்டது. அவருடைய வாழ்க்கையை இரண்டையும் சேர்த்துப் படிப்போம்.

1. இளமைக் காலம்

ஜேம்ஸ் வாட் 1736ஆம் ஆண்டு ஜனவரி 19ஆம் திகதி ஸ்கொட்லாந்திலுள்ள கிறீனொக் என்னும் துறைமுக ஊரில் பிறந்தார். தந்தையார் கப்பல் வேலைகளிலும் வாணிபத்திலும் ஈடுபட்டவர். பாட்டனார் கணிதமும் கடல் வழி காணும் கலையும் கற்பித்தவர். சிறு வயதில் வாட் அடிக்கடி நோயுற்றார். கடுமையான தலைவலி அவரை வாழ்நாள் முழுவதும் துன்புறுத்தியது. ஒழுங்காகப் பாடசாலைக்குச் செல்ல முடியாததால் ஆரம்பக் கல்வியைத் தாயாரிடம் வீட்டிலேயே பெற்றார். தந்தையாரின் பட்டறையில் சிறு கருவிகளைக் கொண்டு மாதிரிகள் செய்து பழகினார்.

கேத்திலில் நீர் கொதித்து மூடி துள்ளுவதைப் பார்த்து அவர் நீராவி எஞ்சினைக் கண்டுபிடித்தார் என்று ஒரு கதை சொல்லப்படுவதுண்டு. பரீட்சையில் அதனைக் காரணமாக எழுதாதீர்கள். உண்மையான காரணம் வேறு என்பதை அடுத்துக் காண்போம்.

தாயார் இறந்தபின், குடும்பத்தின் வருமானமும் குறைந்திருந்த வேளையில், 1755ஆம் ஆண்டு வாட் இலண்டன் சென்றார். அங்கு கணிதக் கருவிகள் செய்யும் தொழிலை ஒரே ஆண்டில் கற்றார். பின்னர் கிளாஸ்கோ நகரில் தொழில் தொடங்க முயன்றபோது அங்கிருந்த தொழிலாளர் சங்கம் தடையாக நின்றது. ஏழு ஆண்டுகள் பயிற்சி பெற்றவரே அந்நகரில் தொழில் செய்யலாம் என்பது அச்சங்கத்தின் விதி. அவ்வேளையில் கிளாஸ்கோ பல்கலைக்கழகம் தனது வளவுக்குள் அவருக்கு ஒரு சிறிய பட்டறையை வழங்கியது. அங்கேதான் மறைவெப்பத்தை ஆராய்ந்த பேராசிரியர் ஜோசப் பிளக் அவருக்கு நண்பரானார்.

2. நீராவி எஞ்சினைத் திருத்தியமை

நீராவி எஞ்சினை முதலில் அமைத்தவர் வாட் அல்லர். தோமஸ் நியூகொமன் 1712ஆம் ஆண்டளவிலேயே சுரங்க நீரை இறைக்கும் எஞ்சினை இயக்கிவிட்டார். அதன் மாதிரி ஒன்று பல்கலைக்கழகத்தில் பழுதடைந்து கிடந்தது. 1763ஆம் ஆண்டளவில் அதனைத் திருத்தும் பணி வாட்டுக்கு வந்தது. அது அளவுக்கு மிஞ்சி நீராவியை விழுங்குவதை அவர் கவனித்தார். ஒவ்வொரு முறையும் உருளை குளிரவைக்கப்பட்டு மீண்டும் சூடாக்கப்பட்டது. வெப்பத்தின் பெரும்பகுதி இவ்வாறு வீணாகியது.

1765ஆம் ஆண்டு இதற்கு ஒரு வழி அவருக்குத் தோன்றியது. நீராவியை உருளைக்குள்ளேயே ஒடுக்காமல், வேறொரு பாத்திரத்திற்குக் கொண்டுசென்று ஒடுக்கினால் உருளை எப்போதும் சூடாகவே இருக்கும். இதுவே தனி ஒடுக்கி ஆகும். இதற்கான ஆக்கவுரிமையை அவர் 1769இல் பெற்றார்.

எனினும் எண்ணம் எஞ்சினாக மாறுவதற்குப் பணமும் திறமையான தொழிலாளரும் தேவைப்பட்டனர். குடும்பத்தைக் காப்பாற்ற வாட் கால்வாய்களுக்கு நில அளவை செய்யும் வேலையை ஏற்றார். 1773ஆம் ஆண்டு அவர் ஸ்கொட்லாந்தின் மலைப் பகுதியில் அளவை செய்துகொண்டிருந்தபோது, பிரசவத்தில் துன்பப்பட்ட மனைவி மாகரெட் பற்றிய செய்தி வந்தது. அவர் வீடு சேர்வதற்குள் மனைவி இறந்துவிட்டார். அதே ஆண்டில் அவருக்குப் பண உதவி செய்துவந்த ஜோன் றோபக் வங்குரோத்து நிலையை அடைந்தார்.

இந்த இருண்ட காலத்தின் பின்னர் பேர்மிங்காம் நகரின் தொழிலதிபர் மத்தியூ போல்டன் வாட்டின் பங்காளியானார். 1774இல் வாட் பேர்மிங்காமுக்குக் குடிபெயர்ந்தார். 1775இல் பாராளுமன்றம் அவருடைய ஆக்கவுரிமையை 1800ஆம் ஆண்டு வரை நீடித்தது. 1776இல் முதல் எஞ்சின்கள் இயங்கத் தொடங்கின. அதே ஆண்டில் அவர் ஆன் மக்கிரகர் என்பவரை மறுமணம் செய்தார்.

3. எழுத்து வேலை ஒரு சுமையாகியது

இங்கேதான் நமது முக்கிய விடயத்திற்கு வருகிறோம்.

போல்டனும் வாட்டும் எஞ்சின்களுக்குப் பணம் பெற்ற முறை புதுமையானது. பழைய எஞ்சினோடு ஒப்பிடும்போது புதிய எஞ்சினால் மீதமாகும் நிலக்கரியின் பெறுமதியில் மூன்றிலொரு பங்கை அவர்கள் கேட்டார்கள். ஆகவே எவ்வளவு நீர் இறைக்கப்பட்டது, எவ்வளவு கரி எரிந்தது, என்ன உடன்பாடு செய்யப்பட்டது என்பவற்றையெல்லாம் எழுத்தில் வைத்திருக்க வேண்டியிருந்தது.

வாட் மாதக்கணக்காகக் கோண்வால் பகுதிச் சுரங்கங்களில் தங்கி எஞ்சின்களைப் பொருத்தினார். போல்டனோ பேர்மிங்காமில் இருந்தார். இருவருக்குமிடையில் கடிதங்களும் படங்களும் ஓயாமல் சென்றன. ஒரு கடிதம் தபாலில் போனபின், அதில் என்ன எழுதினோம் என்பதற்கு எழுதியவரிடம் சாட்சி இல்லை. சாட்சி வேண்டுமானால் இரண்டாம் முறையும் எழுத வேண்டும். எழுதுவினைஞரிடம் கொடுத்தால் பிழைகள் வரலாம். தொழில் இரகசியங்களும் வெளியே போகலாம். தலைவலியோடு வாழ்ந்த வாட்டுக்கு இது பெரும் தொல்லையாகியது.

மாணவர்களே, இதே தொல்லை அக்காலத்தில் எல்லா வணிகர்களுக்கும் இருந்தது. அவர்கள் அதனைப் பொறுத்துக்கொண்டார்கள். வாட் மட்டும் அதனைத் தீர்க்கவேண்டிய ஒரு பிரச்சினையாகப் பார்த்தார். உருளை வீணாகக் குளிர்வதைக் கண்டு பொறுக்காத அதே மனம், ஒரே கடிதத்தை இருமுறை எழுதுவதையும் பொறுக்கவில்லை.

4. பிரதி இயந்திரம் பிறந்தது

வாட்டின் நண்பரான மருத்துவர் எராஸ்மஸ் டார்வின் இரண்டு பேனாக்களை இணைத்து ஒரே வேளையில் இரண்டு பிரதிகள் எழுதும் கருவியொன்றை முயன்று பார்த்தார். வாட்டும் முதலில் அவ்வழியில் சிந்தித்தார். அது சிக்கலானது எனக் கண்டு கைவிட்டார். எழுதும் கையைப் பின்பற்றுவதை விடுத்து, எழுதிய மையையே ஏன் பயன்படுத்தக்கூடாது என எண்ணினார். 1779ஆம் ஆண்டு இம்முயற்சியில் இறங்கினார். அவ்வாண்டிலேயே இதுபற்றி ஜோசப் பிளக்குக்கு அறிவித்தார். 1780ஆம் ஆண்டு பெப்ரவரியில் ஆக்கவுரிமை கிடைத்தது.

இயந்திரம் செயற்படும் முறையை நான்கு படிகளில் நினைவில் வைத்திருங்கள்.

(அ) எளிதில் முற்றாக உலர்ந்துவிடாத சிறப்பு மையினால் கடிதம் எழுதப்படும்.

(ஆ) பசையூட்டப்படாத மிக மெல்லிய தாள் ஒன்று ஈரமாக்கப்பட்டு, மிகையான நீர் ஒற்றி எடுக்கப்படும்.

(இ) அந்தத் தாள் கடிதத்தின் மேல் வைக்கப்பட்டு, உருளைகளுக்கிடையில் அல்லது திருகு அழுத்தியில் நன்கு அழுத்தப்படும்.

(ஈ) கடிதத்திலுள்ள மையில் ஒரு சிறு பகுதி ஈரத்தில் கரைந்து மெல்லிய தாளுக்கு மாறும்.

இங்கு ஒரு கேள்வி எழும். கண்ணாடியில் பார்ப்பதுபோல் எழுத்துகள் இடம்வலம் மாறி விழுமல்லவா? ஆம், மாறித்தான் விழும். தாள் மெல்லியதாக இருக்கவேண்டும் என்பதற்குக் காரணம் இதுவே. தாளைத் திருப்பி மறுபக்கத்திலிருந்து பார்த்தால் மை ஊடே தெரியும். எழுத்துகள் நேராகவே இருக்கும். ஒரு குறையை இன்னொரு குறையால் சரிசெய்த இந்த எளிமையே கண்டுபிடிப்பின் சிறப்பு ஆகும்.

பார்ப்பதற்கு எளிமையானாலும் சரியான மை, சரியான தாள், சரியான ஈரம், சரியான அழுத்தம் ஆகிய நான்கும் ஒன்றுசேரும் வரை வாட் பல பரிசோதனைகளைச் செய்யவேண்டியிருந்தது.

5. எதிர்ப்பும் வெற்றியும்

இந்த இயந்திரத்தை விற்பதற்காக வாட், போல்டன், ஜேம்ஸ் கீர் ஆகிய மூவரும் தனியான ஒரு கம்பனியை அமைத்தனர். போல்டன் அதனை இலண்டனுக்குக் கொண்டுசென்று பாராளுமன்ற உறுப்பினர்களுக்கும் வணிகர்களுக்கும் இயக்கிக் காட்டினார்.

எல்லோரும் வரவேற்றார்கள் என எண்ண வேண்டாம். வங்கிக்காரர் சிலர் அஞ்சினார்கள். கையெழுத்தை இயந்திரம் அப்படியே எடுக்குமானால் கள்ள ஆவணங்கள் பெருகும் என்பது அவர்களது வாதம். அவர்களது அச்சத்தை முற்றாகத் தள்ளிவிட முடியாது. இன்றும் ஒரு போட்டோக் கொப்பி மூலப்பிரதியோடு ஒத்தது என அதிகாரி ஒருவர் உறுதிப்படுத்த வேண்டியிருப்பது இதனால்தான்.

ஆயினும் பயன் அச்சத்தை வென்றது. முதல் ஆண்டிலேயே ஏறத்தாழ 150 இயந்திரங்கள் விற்பனையாகின. ஐக்கிய அமெரிக்காவின் ஜோர்ஜ் வாஷிங்டன், தோமஸ் ஜெபர்சன், பெஞ்சமின் பிராங்க்ளின் ஆகியோரும் இதனைப் பெற்றுப் பயன்படுத்தினார்கள். பின்னர் பயணத்தில் எடுத்துச் செல்லக்கூடிய பெட்டி வடிவமும் வந்தது. 19ஆம் நூற்றாண்டில் தனித் தாள்களுக்குப் பதிலாக மெல்லிய தாள்கள் கட்டப்பட்ட பெரிய புத்தகங்களும் கனமான இரும்புத் திருகு அழுத்திகளும் கந்தோர்களில் இடம்பிடித்தன. இம்முறை 20ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை நிலைத்தது.

வாட்டும் போல்டனும் அனுப்பிய கடிதங்களின் பிரதிகள் பல இன்றும் பேர்மிங்காம் நகர நூலகத்தில் உள்ளன. இந்த இருவரின் தொழிலைப் பற்றி வரலாற்று ஆசிரியர்கள் இவ்வளவு விரிவாக எழுத முடிவதற்கு அப்பிரதிகளும் ஒரு காரணமாகும்.

6. தோட்டக் கந்தோரும் பிரதியும்

பிரித்தானிய வணிகமும் நிர்வாகமும் சென்ற இடங்களுக்கெல்லாம் கடிதப் பிரதிப் புத்தகமும் சென்றது. இலங்கையும் அதற்கு விலக்கல்ல. ஊவா தனி மாகாணமாக்கப்பட்டது 1886ஆம் ஆண்டிலாகும். பதுளைக்குப் புகையிரதம் வந்தது 1924இல். ஹப்புத்தளை, நமுனுகுல, மடுல்சீமை, லுணுகலை போன்ற தொலைதூரத் தோட்டங்களை நிர்வகித்தவர்கள் கொழும்பிலிருந்த முகவர் கம்பனிகளோடு கடிதம் மூலமே தொடர்புகொண்டார்கள். அனுப்பியதன் பிரதியைக் கந்தோரில் வைத்திருப்பது நிர்வாகத்தின் அடிப்படை விதியாக இருந்தது.

இப்போது ஒரு விடயத்தைச் சிந்தியுங்கள். எழுத்தும் பிரதியும் கந்தோரின் பக்கத்தில் இருந்தன. தொழிலாளியின் பக்கத்தில் என்ன இருந்தது?

துண்டு முறை பற்றி நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். தொழிலாளியின் கடன் தீர்க்கப்பட்டால் அவரை விடுவிப்பதாகக் கூறும் ஒரு சிறிய காகிதமே துண்டு. அக்காகிதமின்றி அவர் வேறு தோட்டத்திற்குச் செல்வது கடினம். தாம் வாசிக்க முடியாத ஒரு காகிதம் அவருடைய வாழ்க்கையைத் தீர்மானித்தது. இம்முறை 1921ஆம் ஆண்டு சட்டத்தின் மூலம் ஒழிக்கப்பட்டது.

1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் வந்தபோது மீண்டும் காகிதமே கேட்கப்பட்டது. தந்தை, அல்லது தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இலங்கையில் பிறந்தமைக்குச் சான்று வேண்டும் என்றார்கள். இம்மண்ணிலேயே பிறந்து, இம்மண்ணிலேயே உழைத்த பலரிடம் அத்தகைய பத்திரம் இருக்கவில்லை. இலட்சக்கணக்கான மலையக மக்கள் நாடற்றவர்களானார்கள். நீண்ட போராட்டங்களுக்கும் ஒப்பந்தங்களுக்கும் பின்னர், 2003ஆம் ஆண்டின் சட்டமே எஞ்சியிருந்தோருக்குப் பிரசாவுரிமை கிடைக்க வழிசெய்தது. அந்தச் சட்டங்களின் நோக்கம் பற்றி வரலாற்றுப் பாடத்தில் விரிவாகப் படிப்பீர்கள். இங்கு நாம் அறியவேண்டியது ஒன்றே: பிரதி வைத்திருப்பவரிடம் சாட்சி இருக்கிறது, பிரதி இல்லாதவர் தமது உண்மையையே நிரூபிக்க முடியாமல் தவிக்கிறார்.

7. வாட்டுக்குப் பின் வந்தவர்கள்

வாட்டின் இயந்திரத்திற்கு எல்லைகள் இருந்தன. எழுதி ஏறத்தாழ ஒரு நாளுக்குள் பிரதி எடுக்கவேண்டும். ஒன்று அல்லது சில பிரதிகளே தெளிவாக வரும். அச்சிட்ட பழைய பத்திரத்தைப் பிரதி செய்ய முடியாது. இக்குறைகளைப் பிற்காலத்தவர்கள் ஒவ்வொன்றாக நீக்கினார்கள்.

1806: ரால்ப் வெட்ஜ்வுட் காபன் தாளுக்கு ஆக்கவுரிமை பெற்றார்.

1876: தோமஸ் அல்வா எடிசன் தாளில் நுண்துளைகள் இடும் மின்பேனாவுக்கு ஆக்கவுரிமை பெற்றார்.

1881: ஹங்கேரியில் பிறந்த டேவிட் கெஸ்டெட்னர் இலண்டனில் சைக்ளோஸ்டைல் முறையை அறிமுகப்படுத்தினார். மெழுகுத்தாளில் எழுதி அதனூடாக மையைச் செலுத்திப் பல பிரதிகள் எடுப்பது இம்முறை.

1938: செஸ்டர் கார்ல்சன் உலர் முறையில் நிலைமின்னைக் கொண்டு முதற் பிரதியை எடுத்தார். இன்றைய போட்டோக் கொப்பி இயந்திரத்தின் அடிப்படை இதுவே.

நமது நாட்டில் ரோனியோ என அழைக்கப்பட்ட இயந்திரமும் மெழுகுத்தாள் முறையைச் சேர்ந்ததே. உங்கள் பெற்றோரின் தவணைப் பரீட்சை வினாத்தாள்கள் பல அந்த மையின் மணத்தோடுதான் வகுப்புக்கு வந்தன. அவர்களிடம் கேட்டுப் பாருங்கள்.

8. இறுதிக் காலம்

1781 முதல் 1788 வரை வாட் நீராவி எஞ்சினைச் சுழலும் இயக்கத்திற்கு ஏற்றதாக மாற்றி, அதன் வேகத்தைத் தானாகவே கட்டுப்படுத்தும் கருவியையும் பொருத்தினார். இதனால் அது சுரங்கத்தை விட்டு ஆலைகளுக்குள் நுழைந்தது. எஞ்சினின் வலுவைக் குதிரையின் வலுவோடு ஒப்பிட்டு அளக்கும் முறையையும் அவர் நிலைநாட்டினார். 1785இல் அரச கழகத்தின் உறுப்பினரானார். 1800ஆம் ஆண்டு ஆக்கவுரிமை முடிவடைந்ததும் ஓய்வுபெற்றார்.

அவரது வாழ்வை முழுமையாகப் பார்க்கும்போது ஒரு நிழலையும் காணவேண்டும். அடிமைகள் உழைத்த கரிபியன் சீனித் தோட்டங்களோடு அவரது தந்தையாரின் வாணிபத்திற்குத் தொடர்பு இருந்தது. அவர்களது கம்பனியின் எஞ்சின்களும் பின்னர் அத்தகைய தோட்டங்களுக்குச் சென்றன. இயந்திரம் உழைப்பை இலகுவாக்கலாம். ஆனால் உழைப்பவரின் நிலையைத் தானாக உயர்த்துவதில்லை.

முதுமையில் வாட் தம் வீட்டு மாடியறையைப் பட்டறையாக்கினார். பிள்ளைகள் சிலரை இளவயதிலேயே இழந்த துயரம் அவரிடம் இருந்தது. ஆயினும் கை ஓயவில்லை. இம்முறை அவர் சிற்பங்களைப் பிரதி செய்யும் இயந்திரங்களை அமைத்தார். கடிதத்தைப் பிரதி செய்தவர் உருவத்தைப் பிரதி செய்ய முயன்றார். 1819ஆம் ஆண்டு ஓகஸ்ட் 25ஆம் திகதி தமது 83ஆவது வயதில் காலமானார். அந்தப் பட்டறை பின்னர் பொருட்களோடு அப்படியே இலண்டன் விஞ்ஞான நூதனசாலைக்குக் கொண்டுசெல்லப்பட்டது. வலுவின் அலகாகிய உவாற்று அவருடைய பெயரால் வழங்குகிறது. ஒரு குதிரைவலு ஏறத்தாழ 746 உவாற்றுக்குச் சமன்.

9. நாம் கற்கவேண்டியது

மாணவர்களே, பெரிய கண்டுபிடிப்புகள் பெரிய பொருட்களில் மட்டும் இல்லை. எல்லோரும் பழகிப்போன ஒரு தொல்லையை உற்றுப் பார்ப்பதிலும் அவை தொடங்குகின்றன. உங்கள் வீட்டிலும் தோட்டத்திலும் பாடசாலையிலும் அத்தகைய தொல்லைகள் உண்டு. அவற்றைக் குறித்து வையுங்கள்.

இன்னொன்றையும் செய்யுங்கள். உங்கள் வீட்டிலுள்ள பிறப்பத்தாட்சிப் பத்திரங்கள், சேமலாப நிதிப் பத்திரங்கள், பாடசாலைச் சான்றிதழ்கள் ஆகியவற்றின் பிரதிகளை எடுத்து ஓர் உறையில் பத்திரப்படுத்துங்கள். அதிகாரிகளுக்கு எழுதும் கடிதம் எதுவாயினும் ஒரு பிரதியை வைத்துக்கொண்டே அனுப்புங்கள். வாசிக்கத் தெரியாத முதியவர்களுக்கும் இதனைச் செய்து கொடுங்கள். நம் முன்னோருக்குக் கிடைக்காத இந்தப் பாதுகாப்பு உங்களுக்குச் சில ரூபாய்களில் கிடைக்கிறது.

பயிற்சி வினாக்கள்

1. நியூகொமனின் எஞ்சினிலிருந்த பிரதான குறை யாது? வாட் அதனை எவ்வாறு நீக்கினார்?

2. வாட்டுக்குக் கடிதங்களின் பிரதிகள் தேவைப்பட்டமைக்கு இரண்டு காரணங்கள் தருக.

3. பிரதி எடுக்கும் தாள் மெல்லியதாக இருக்கவேண்டியது ஏன்?

4. வங்கிக்காரர் இந்த இயந்திரத்தை எதிர்த்தமை நியாயமானதா? உமது கருத்தைக் காரணங்களுடன் எழுதுக.

5. எழுத்து ஆவணங்கள் இல்லாமை மலையக மக்களின் வாழ்வைப் பாதித்த விதத்தை இரண்டு உதாரணங்கள் மூலம் விளக்குக.